உறுதிமொழி நாள்

நீதிபதி குடியுரிமை உறுதிமொழியைச் சொல்லச் சொல்ல, அரங்கமே எழுந்து நின்று திருப்பிச் சொன்னது. நெர்மினுக்கு மட்டும் குரல் எழும்பவில்லை.

வாயை அசைத்தாள். பக்கத்தில் நின்ற அவள் கணவன் ஃபிக்ரெத், இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்வதுபோல உரக்கச் சொன்னான்.

ராணுவ வாத்தியக்காரர்கள் தேசிய கீதம் வாசித்து முடித்ததும், முன்பின் தெரியாதவர்களெல்லாம் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். நெர்மினுக்கும் ஃபிக்ரெத்துக்கும் பிறந்த துருக்கியும் சொந்தம், இனி அயர்லாந்தும் சொந்தம்.

ஏழு வருஷம் பான்ட்ரி ஊரில் ரொட்டி சுட்டுச் சம்பாதித்த உரிமை.

பேக்கரி நெர்மினின் பேரில். கடை ஓடினால்தான் நாட்டில் இருக்க அனுமதி. ஃபிக்ரெத்தின் அனுமதியோ மனைவியின் அனுமதியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறை புதுப்பிக்கப் போகும்போதும் கணக்குப் புத்தகத்தை மூன்று தடவை சரிபார்ப்பாள். மாவு விலை எகிறிய குளிர்காலத்தில் கடையை மூடாமல் இருக்க அவள் கல்யாண வளையல்களை விற்றாள். அவன் அடுப்படி வேலைக்கு ஆள் வைக்காமல், தோள் விட்டுப்போகும் அளவுக்குத் தானே மாவு பிசைந்தான்.

அந்தக் கவலையெல்லாம் தீர்ந்தது. நாளைக்கே கடையை இழுத்துப் பூட்டினாலும் அவர்களை யாரும் வெளியே போகச் சொல்ல முடியாது.

அப்படியும் காலையிலிருந்து அவள் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே தூறல். அவர்கள் கடையில் ரொட்டி விற்கும் பிரீட், இதற்காகவே புதுத் தொப்பி வாங்கிப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

"இனிமே இந்த மழையைத் திட்ட உங்களுக்கும் உரிமை இருக்கு. நேத்து வரைக்கும் இது எங்க மழை."

ஃபிக்ரெத் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். நெர்மின் சிரித்து வைத்தாள். இத்தனை வருஷப் பயம் ஒரே நாளில் தெளியுமா என்று பிரீட் அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு, விழா நடந்த கிலார்னியிலேயே இருக்கும் தன் அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள்.

நெர்மின்தான் காரை ஓட்டினாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். கார் மலையேறியது.

வளைவில் ஆடுகள் பாதையை அடைத்துக்கொண்டு நின்றன. வண்டியை நிறுத்தினாள். அவன் தொண்டையைச் செருமினான். அவள் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த அடுப்பு இன்னும் பத்து வருஷத்துக்குத் தாங்காது, நெர்மின். மாத்திடுவோம்."

ஆடுகள் ஒவ்வொன்றாக இறங்கிப் போயின. பாதை காலியான பிறகும் அவள் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் வந்த டிராக்டர்காரன் ஒருமுறை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, சுற்றிக்கொண்டு போனான்.

பான்ட்ரிக்கு வந்த இரண்டாம் வருஷம், அதே அடுப்புக்கு முன்னால் நின்று, கத்தாமல் அழாமல் இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். சேர்ந்து வாழ்ந்தது போதும். ஆனால் அவன் போனால் கடை படுத்துவிடும். கடை படுத்தால் இருவருமே ஊரைவிட்டுப் போக வேண்டியதுதான். அதனால் உறுதிமொழி எடுக்கும் நாள்வரை பொறுத்துக்கொள்வது, அன்று மாலையே அவரவர் வழியைப் பார்ப்பது என்று பேச்சு. மாடியில் ஆளுக்கொரு அறை. பிரீட்டுக்குக்கூடத் தெரியாது.

அந்த நாள் வந்துவிடக் கூடாதே என்று எப்போதிருந்து பயப்பட ஆரம்பித்தாள் என்பது நெர்மினுக்கே நினைவில்லை. அவனும் அப்படித்தானா என்று கேட்கத்தான் துணியவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள்.

"கேஸா, கரண்டா?" என்றாள்.