மூன்றுக்கு அழுத்தக் கூடாது

“வாயை அசைக்காதீங்க சார். தாடை ஆடினா கோடெல்லாம் கலைஞ்சிடுது.”

“நான் எங்கேம்மா அசைச்சேன்?”

“முணுமுணுக்கிறீங்க.”

அவருக்கே தெரியவில்லை.

தலையில் இறுக்கமான தொப்பி. அதிலிருந்து முப்பத்திரண்டு கம்பிகள். நெற்றியோரம் பசை வழிந்துகொண்டிருந்தது. துடைக்க முடியாது. கை பொத்தானை விட்டு நகரக் கூடாது.

திரையில் எண்கள் வரும். ஒவ்வொன்றுக்கும் அழுத்த வேண்டும். மூன்றுக்கு மட்டும் அழுத்தக் கூடாது.

அவ்வளவுதான். குழந்தைகூடச் செய்துவிடும்.

ஏழு. இரண்டு. ஒன்பது. மூன்று.

அழுத்திவிட்டார்.

“பரவாயில்ல தனபால் சார்.”

கண்ணாடிக்கு அப்பால் கணினி முன் உட்கார்ந்திருந்த பெண்ணின் குரல் ஒலிபெருக்கி வழியே வந்தது. அவர் மகள் வயதுதான் இருக்கும். இது ஆறாவது பரவாயில்லை.

இருபத்தோரு வருடம் ரயில் ஓட்டியிருக்கிறார். போன மாதம் சிவப்பு விளக்கைத் தாண்டி எண்பது அடி போய் நிறுத்தினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இனி அவர் எஞ்சினில் ஏறலாமா என்பதை இந்த அறையிலிருந்து போகும் தாள்தான் சொல்லும்.

“தூங்கிட்டேனாம்மா?”

“இல்ல சார், நல்லா முழிச்சுத்தான் இருக்கீங்க. ஆனா தப்பு பண்றதுக்குப் பத்துப் பதினைஞ்சு செகண்ட் முன்னாடியே மூளையில அலை மாறிடுது. எனக்கு இங்க தெரியுது.”

அவர் தலைக்குள் நடப்பது அவளுக்குத் தெரிகிறது.

அவருக்குத் தெரியவில்லை.

எஞ்சினில் இப்படி இல்லை. சிக்னல் கண்ணில் பட்டதும் கையை நீட்டி உரக்கச் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருக்கும் உதவி ஓட்டுநர் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும்.

பச்சை.

பச்சை.

மஞ்சள்.

மஞ்சள்.

சிவப்பைத் தாண்டிய அன்று உதவி ஓட்டுநர் குணசீலனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. கரகரவென்று ஏதோ குரல் வந்தது.

பேசாம வாப்பா, தொண்டையைக் கெடுத்துக்காதே என்று சொன்னது அவர்தான். பிறகு, ஒரு ஆள் மட்டும் எதற்குக் கத்துவது என்று அவரும் நிறுத்திக்கொண்டார்.

அறுபது கிலோமீட்டர், சத்தமே இல்லாமல்.

“கடைசிச் சுற்று சார். நாலே நிமிஷம். ரெடியா?”

ஐந்து. எட்டு. எட்டு. ஒன்று.

அறை அவ்வளவு அமைதியாக இருந்தது. எண்கள் வந்துகொண்டே இருந்தன. எங்கோ வெகுதூரத்தில் ஒரு கட்டைவிரல் அழுத்திக்கொண்டிருந்தது. தன்னுடையது என்று சட்டென உணர்ந்து திடுக்கிட்டார்.

“அம்மா.”

கண்ணாடிக்குப் பின்னால் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“நான் நம்பரைச் சொல்றேன். நீங்க கூடவே திருப்பிச் சொல்றீங்களா?”