எட்டு நாள் சாவி

"பதினஞ்சு நாளா வீடு பூட்டியே இருந்ததா?" என்று கேட்டார் இன்ஷூரன்ஸ் அதிகாரி.

"ஆமா சார். நான் ஆபீஸ் வேலையா வெளியூர். இவ அவ அக்கா வீட்டுல. இன்னிக்குக் காலையிலதான் ரெண்டு பேரும் சேர்ந்து பூட்டைத் திறந்தோம். பின்பக்க ஜன்னல் உடைஞ்சிருந்தது. எதையும் தொடாம உங்களுக்குப் போன் போட்டேன்" என்றார் கணவர்.

கண்ணாடி அலமாரியில், விரல் உயரமே உள்ள, தலையில் கைப்பிடி வைத்த பழங்காலப் பயணக் கடிகாரங்கள் பதினொன்று ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் எனாமல் பூ வேலை. பன்னிரண்டாவது இருந்த இடம் காலி.

"இருக்கிறதுலயே உசத்தி அதுதான் சார். திருடன் விவரமானவன்."

"மத்ததெல்லாம் ஜோரா ஓடுதே. பேட்டரியா?"

கணவருக்குச் சுருக்கென்றது. "பேட்டரியா? நூத்தம்பது வருஷத்துப் பொருள் சார். சாவி கொடுத்துதான் ஓட்டணும்."

"அந்தச் சாவி இவர் கழுத்துச் செயினை விட்டு இறங்காது" என்று மனைவி பெருமையாகச் சிரித்தாள். "என்னைக்கூடத் தொட விடமாட்டார். ஒரு தடவை கொடுத்தா எட்டு நாள்தான் ஓடும் சார். ஒண்ணு நின்னுபோனாலும் இவருக்குச் சோறு இறங்காது."

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். அறையில் டிக்டிக் மட்டும் கேட்டது.

மனைவியின் சிரிப்பு மெல்ல அடங்கியது.

"ஏங்க... அப்ப நடுவுல வீட்டுக்கு வந்தது நீங்களா?"

கணவரின் கை தானாகவே சட்டைக்குள் இருந்த சாவியைப் பொத்திக்கொண்டது.