வேலியோரப் பாதை

ரூஜ் பகுதிச் சனம் கேட்ட நடைபாதைக்குத் தன் பண்ணையோரத்தைத் தரமாட்டேன் என்று மார்ட்டின் ஒரேயடியாக மறுத்துவிட்டார். மிஞ்சியது லொறிகள் பறக்கும் தெருக்கரைதான். அந்தக் கரையாவது சரிவருமா என்று பார்க்கத் துவாரகாவும் கணவன் கீதனும் ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

“இஞ்ச, மெல்லத் தள்ளுங்கோ. ஆள் ஒரு பக்கம் சரியிறார்,” என்றாள் துவாரகா.

“ஆளைப் போர்த்தினது நீர்தானே!”

சல்லிக் கல்லுக்குள் வண்டிச் சில்லுப் புதைந்தது. ஒரு லொறி உரசினாற்போல் போக, ஸ்ட்ரோலர் பள்ளத்துக்குள் சாய்ந்தது. வேலிக்கு அப்பால் நின்ற மார்ட்டின் படலையைத் திறந்துகொண்டு ஓடிவந்து அதை நிமிர்த்தினார்.

“பச்சைக் குழந்தையோடு இந்தத் தெருவிலா வருவீர்கள்?” என்று ஆங்கிலத்தில் வெடித்தவர், பதறிப்போய்ப் போர்வையை விலக்கினார்.

உள்ளே ஓர் அரிசிப் பை.

துவாரகாவால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இனி இந்த மனுசன் மசியவே மாட்டார்.

“பாரம் வைத்துத் தள்ளிப் பார்த்தோம்...” என்று இழுத்தாள்.

“அப்படியானால் குழந்தை எங்கே?”

அவள் தயங்கி, ஜக்கெற்றுக்கு மேலால் வயிற்றில் கைவைத்தாள். “டிசம்பரில்தான் வரும்.”

மார்ட்டின் அரிசிப் பையை மறுபடியும் பக்குவமாகப் போர்த்திவிட்டார்.

“அப்போ நவம்பருக்குள் என் வேலிக்கு உள்பக்கத்தால் பாதையைப் போட்டு முடியுங்கள்.”