வலது இருக்கை

என் விமானத்தில் இரண்டே இருக்கைகள், இரண்டுக்கும் விமானத்தைத் திருப்பும் கைப்பிடி உண்டு. துணைக்கு ஆள் ஏறினால் ஓடுபாதையின் கடைசிவரை ஓடித்தான் எழும்பும். அன்று தனியாகக் கிளம்பியும் அப்படித்தான் எழும்பியது.

கல்வராயன் மலைமேல் மேகம் மூடிக்கொண்டது. குத்துமதிப்பாக இடப்பக்கம் திருப்பினேன். வலது கைப்பிடி என்னை மீறி வலப்பக்கம் சாய்ந்தது. மேகம் விலகியபோது இடது இறக்கையை ஒட்டிப் பாறை கடந்துபோனது.

கிளம்பிய சின்னசேலத்துக்கே திரும்பி இறங்கியதும் ஓடுபாதையைப் பார்த்துக்கொள்ளும் பழனி வந்தார்.

“தனியாதான போனீங்க மேடம்? ரெண்டாளு ஏறுன மாதிரி இன்னா ஓட்டம் ஓடிச்சு.”

நான் விமானத்தைச் சுற்றி வலப்பக்கம் போனேன். வலது கதவு வெளியிலிருந்துதான் திறக்கும். யார் வந்தாலும் நானே திறந்துவிடுவேன். அன்றும் திறந்தேன்.

“ரொம்ப நன்றிங்க. பாத்து எறங்குங்க” என்றேன், காலி இருக்கையைப் பார்த்து.

அமுங்கியிருந்த வலது சக்கரம் மெல்ல நிமிர்ந்தது.