கண் போகாத பக்கம்

காஞ்சனா வளர்ந்தது பாத்திரக்கடைக் கல்லாவுக்குப் பின்னால். வாங்க வந்தவர் எதைப் புரட்டிப் புரட்டி நொட்டை சொல்கிறாரோ அது வெறும் பாவலா. எதன் பக்கம் கண்ணையே திருப்பவில்லையோ, அதற்குத்தான் வந்திருக்கிறார் என்பது அங்கே பால்பாடம். ஆகவே அவள் விடுதி அறையைக் காலி செய்த அன்று, இன்னும் ஓராண்டு அங்கேயே படிக்கப்போகிற அறைத்தோழி பெனிட்டா ஒவ்வொரு சாமானுக்கும் குறை சொன்னபோது அவளுக்குச் சந்தேகம் தட்டியது.

“வாளி விரிசல்டி. யாரு வச்சுக்குவா?”

“கெட்டில்?”

“ஷாக் அடிக்கும்.”

எதற்கோ அடிபோடுகிறாள். ஜன்னலோரக் கண்ணாடியை மட்டும் அவள் பார்க்கவேயில்லை. காஞ்சனா சட்டென்று அதை எடுத்து நீட்டினாள். “இதானே வேணும்? நடிக்காத.”

“ரசம் போயிருச்சு அதுல.”

மேசை விளக்கு, கொசுவலை, எதற்கும் அவள் மசியவில்லை.

“கள்ளி, கடைசி நேரத்துல சும்மா கேட்டு வாங்கிக்கலாம்னு பாக்கறியா? எங்கிட்டயேவா?”

“ஆமா,” என்றாள் பெனிட்டா, அட்டைப்பெட்டியைக் கயிற்றால் இறுக்கிக்கொண்டே.

கீழே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். பெனிட்டாவின் கண் வெறும் கட்டில், சுவர், ஆணி என்று அறையை ஒரு சுற்று சுற்றி வந்தது. காலையிலிருந்து அது ஒருமுறைகூட வந்து நிற்காத இடம் தன் முகம்தான் என்று காஞ்சனாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

“ஏய், இங்க பாரு.”

பெனிட்டா குனிந்து, கட்டி முடித்த கயிற்றை அவிழ்த்து, முதலிலிருந்து கட்டத் தொடங்கினாள்.