மூன்றாவது துளை

"கடையை இன்னைக்கே இழுத்து மூடணும்மா. மேஜை நிறைய எங்க டிசைன் துப்பாக்கி!" என்றார் வக்கீல்.

காற்றழுத்தத்தால் சாய உருண்டைகளைச் சுடும் பெயின்ட்பால் விளையாட்டுத் துப்பாக்கிக் கம்பெனியின் முதலாளி, சிலைக்கு அளவு கொடுப்பவர் போல நின்றுகொண்டிருந்தார்.

மெக்கானிக் அக்கா கைக்கரியைத் துடைத்தாள். "அதுல எதுங்க உங்களுது?"

வக்கீல் காப்புரிமைப் பத்திரத்தைப் பிரித்தார். "குழலுக்கு அடியில மூணாவது துளை. சாரோட கண்டுபிடிப்பு."

"அது எதுக்குண்ணே?"

"காத்தோட சமநிலைக்கு! மூணு வருஷ ஆராய்ச்சி. உனக்கெங்க புரியப்போகுது?" என்றார் முதலாளி.

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "உங்ககிட்ட நான் வேலை பாத்தப்போ டிரில் வழுக்கி விழுந்த ஓட்டைண்ணே அது. அந்தக் குழலைக் கழிவுத் தொட்டியில வீசினேன். ஆராய்ச்சி அங்கதான் நடந்துச்சா?"

வக்கீல் முதலாளியைப் பார்த்தார். முதலாளி கூரையைப் பார்த்தார்.

"அப்போ இதெல்லாம்?" என்று வக்கீல் மேஜையைக் காட்டினார்.

"நான் செஞ்சது இல்லீங்க, உங்க கம்பெனி துப்பாக்கியேதான். காத்து கசியுதுன்னு வாங்கினவங்க கொண்டாந்து போட்டிருக்காங்க. தாராளமா கேஸ் போடுங்க. அந்த ஓட்டையைப் போட்டவளும் நான்தான், அடைச்சுக் கொடுக்கிறவளும் நான்தான்னு கோர்ட்டுலயே சொல்றேன்!"