என்ன சொல்லிக் கத்துறான்

"இதுல என் பிள்ளை என்னப்பா சொல்றான்?"

பாட்டு முடிந்ததும் தொண்டையின் அம்மா முதலில் கேட்டது அதைத்தான்.

நான் டிரம்மரைப் பார்த்தேன். டிரம்மர் பாஸ் கிட்டார் வாசிப்பவனைப் பார்த்தான். அவன் தரையைப் பார்த்தான்.

மூன்று பேருக்குமே தெரியாது என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

தொண்டை என்பது நாங்கள் அவனுக்கு வைத்த பட்டப்பெயர். எங்கள் குழுவில் கத்துகிறவன். போன மாதம் ஈரச் சாலையில் பைக் சறுக்கிப் போய்ச்சேர்ந்தான்.

நாங்கள் வாசிப்பதற்குப் போஸ்ட் ஹார்ட்கோர் என்று பெயர். பெயர்தான் பெரிசு, விஷயம் சின்னது. நான் கிட்டாரோடு கொஞ்ச நேரம் மெதுவாகப் பாடுவேன். பிறகு அவன் வந்து அடிவயிற்றிலிருந்து கத்துவான்.

நான் பாடுவது ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கும். அதனாலோ என்னவோ, அதைப் பற்றி யாரும் மூச்சுவிட்டதில்லை. அவன் கத்தலைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அதிகாரத்தின் மீது ஒரு தலைமுறையின் சீற்றம் என்றார் ஒருவர். பேட்டியில் கேட்டபோது நானும், ஆமாம், சீற்றம்தான் என்று தலையாட்டியிருக்கிறேன்.

என்னடா கத்துகிறாய் என்று அவனைக் கேட்டால் சிரிப்பான். நாங்கள் போடுகிற சத்தத்தில் அவன் மந்திரம் சொன்னாலும் எங்களுக்கு ஒன்றுதான், திட்டினாலும் ஒன்றுதான். குரல் பதிவின்போது எங்களை வெளியே அனுப்பிவிடுவான். எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்த ஸ்டுடியோக்காரருக்கு எங்கள் பாஷை தெரியாது.

ஒரு ஆல்பம், சில மேடைகள். முளைத்து மூன்று இலை விடவில்லை, அதற்குள் கதை முடிந்தது.

முடியவில்லை என்றார் இசை விழா ஏற்பாட்டாளர். அடுத்த வாரம் எங்களுக்கான நேரம் அப்படியே இருக்கிறதாம். பதிவில் இருக்கும் அவன் குரலை ஓடவிட்டு நாங்கள் கூட வாசிக்கலாமாம். பெற்றவள் சரியென்று சொல்லாமல் அவன் குரலைத் தொடமாட்டேன் என்று டிரம்மர் ஒற்றைக்காலில் நின்றான். அம்மா வேண்டாம் என்றால் குழு இன்றோடு கலைந்தது.

எனக்கு எது நடந்தாலும் சரி என்றிருந்தது. அவன் போனதிலிருந்து மரத்துப்போய்த்தான் இருக்கிறேன், பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி. சாவு வீட்டில்கூட அழவில்லை. அது எனக்கே பயமாக இருந்தது.

நாங்கள் வாசித்துப் பழகும் இடம் டிரம்மரின் மாமாவுடைய மெத்தைக் கிடங்கு. எவ்வளவு கத்தினாலும் வெளியே கேட்காது. உறை பிரிக்காத மெத்தை ஒன்றின் ஓரத்தில் அம்மா உட்கார்ந்திருந்தார். பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை அவருக்கு. காலை நடை முடிந்து, மாலை நடைக்கு முன்னால், அந்தச் சீருடையோடே வந்திருந்தார்.

"சமுதாயத்து மேல கோபம்மா. அதைத்தான் பாடறான்" என்றேன்.

அவர் என்னை நம்பவில்லை. மற்ற சத்தத்தையெல்லாம் நிறுத்திவிட்டு அவன் குரலை மட்டும் போட முடியுமா என்று கேட்டார்.

பாஸ் வாசிப்பவன் கம்ப்யூட்டரில் கிட்டாரை அணைத்தான். டிரம்மை அணைத்தான். என்னையும் அணைத்தான்.

இசை இல்லாமல் கேட்க முடியவில்லை. யாரையோ கட்டிவைத்து அடிப்பது போல இருந்தது. டிரம்மர் காதைப் பொத்திக்கொண்டான். அம்மா எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன்.

அவர் முன்னால் சாய்ந்தார். உதடு அசைந்தது.

அவன் கத்துவதற்கு ஒரு நொடி முன்பாகவே அசைந்தது.

"மோட்டாரை நிறுத்துடா, டேங்க் வழியுது" என்றார் மெதுவாக. அவன் அதையே கத்தினான்.

"ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதே." அதையும் கத்தினான்.

ஒரு தடவை புரிந்தபிறகு வேறு எதுவாகவும் அது கேட்கவில்லை. கூட்டம் மொத்தமும் கையை உயர்த்திக் குதிக்கிற இடம் ஒன்று உண்டு. சீற்றம் பற்றி எழுதியவர் மெய்சிலிர்த்த இடம். அங்கே அவன் கத்தியது, பாலைப் பார்த்துக்கோ, பொங்கிடும்.

டிரம்மருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாஸ் வாசிப்பவன் மெத்தையில் விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். ஒரு மாதத்தில் முதல்முறை. படுபாவி, எங்கள் எல்லோரையும் முட்டாளாக்கிவிட்டுப் போயிருக்கிறான்.

அம்மா சிரிக்கவில்லை. ஓடி முடியும்வரை கேட்டார்.

"போடுங்கப்பா. மேடையில நல்லாச் சத்தமாவே போடுங்க."

பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். மாலை நடைக்கு நேரமாகியிருந்தது. வாசல்வரை கூடப் போனேன். அங்கே நின்று, என்னிடம் சொல்வது போல இல்லாமல் சொன்னார்.

"வேலைக்குக் கிளம்பறப்ப தினம் இதையெல்லாம் சொல்லிட்டுத்தான் போவேன். காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பான். ஒரு நாள் 'ம்'னு சொன்னதில்ல. எதுவுமே அவன் காதுல விழலைன்னு நினைச்சேன். சுவத்துக்கிட்ட பேசி என்ன ஆகப்போகுதுன்னு போன வருஷத்தோட நான் பேசறதையே விட்டுட்டேன்."

சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

குழு ஆரம்பிக்கலாம் வாங்கடா என்று அவன் எங்களைத் தேடி வந்ததும் போன வருடம்தான்.